கழுவிய வீடு

வீராயி அக்கா வீட்டு முன்னறையில், சுவரோரம் வெறுந்தரையில், ஓர் அகல் விளக்கு ஒரு வருடமும் நாற்பது நாளும் அணையாமல் எரிந்தது. சாமி விளக்கு இல்லை. சாமி மாடம் சமையலறையில் தனியாக இருக்கிறது. இது வேறு. அக்காவால் இதை அணைக்கவும் முடியவில்லை, எரியவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. அந்த நிலைமையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியதில் என் கெட்டிக்காரத்தனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் அவரைப் பற்றி எழுதினால் என்னையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் என் வேலை. ஒரு வருடம் தொண்டு செய்வதற்காக வெளிநாட்டிலிருந்து வருகிற பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் வாழக் கற்றுக்கொடுப்பது. தென்னூரில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பல்லைப் பிடுங்குவார்கள், மேலே நாங்கள் கூச்சத்தைப் பிடுங்குவோம். கையால் பிசைந்து சாப்பிடுவது, வாளியில் மொண்டு குளிப்பது, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நெரிசலுக்குள் நின்று டிக்கெட் எடுப்பது, காந்தி மார்க்கெட்டில் ஏமாறாமல் தக்காளி வாங்குவது என்று ஆறு வாரம் பயிற்சி. அந்த ஆறு வாரமும் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். அதன் பிறகுதான் கிராமத்துப் பள்ளிகளுக்கோ காப்பகங்களுக்கோ அனுப்புவோம்.

வந்த புதிதில் இந்தப் பிள்ளைகள் ஏன், ஏன் என்று கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார்கள். ஏன் செருப்பை வெளியே விட வேண்டும், ஏன் இடது கையால் கொடுக்கக் கூடாது, ஏன் செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக் கூடாது. எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஒரு விதி போட்டேன். ஆறு வாரம் கேள்வி கேட்கக் கூடாது. பார், செய், கேட்காதே. குழந்தை அப்படித்தானே கற்றுக்கொள்கிறது என்று கூட்டங்களில் பேசிக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன்.

அந்த விதிக்குப் பொருத்தமான வீடு வீராயி அக்காவுடையது. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் கடைசிக்கு முந்தைய வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின். ரவிக்கை தைப்பார், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பார். இஞ்ச் டேப் கழுத்தில் மாலை மாதிரி எப்போதும் கிடக்கும், ஆனால் பாதி நேரம் அதைத் தொடமாட்டார். ஆளை ஒருமுறை பார்த்தால் போதும், தோள் எத்தனை, கை எத்தனை என்று சொல்லிவிடுவார். பேச்சு குறைவு. எங்கள் பிள்ளைகள் எட்டுப் பேர் அவர் வீட்டில் தங்கிப் போயிருந்தார்கள். எட்டுப் பேரும் போகும்போது அழுதார்கள். அவர்களை அழவைக்க அவர் ஒன்றுமே செய்ததில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அவருக்குச் சொந்த ஊர் தொட்டியம் பக்கம், வாழை விவசாயம் செய்த குடும்பம். பத்தொன்பது வயதில் பிச்சமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தார். பிச்சமுத்து துவாக்குடி வழியாகப் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். டிரைவர் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவர் கிளம்புவதற்கு முன்பே வீடு பெருக்கி முடித்திருக்க வேண்டும். கிளம்பிப் போன பிறகு துடைப்பத்தைத் தொடக் கூடாது, தரையைக் கழுவக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் கூடாது. அதெல்லாம் பிணம் எடுத்த வீட்டில் செய்கிற வேலை. உயிரோடு போகிறவன் முதுகுக்குப் பின்னால் அதைச் செய்தால் அவனைப் பிணமாக அனுப்பியதாக ஆகும்.

இது பிச்சமுத்துவின் கட்டுப்பாடு மட்டும் இல்லை, ஊரில் பாதி வீட்டில் இருக்கிறதுதான். ஆனால் வீராயி அக்கா இருபத்திரண்டு வருடம் ஒருநாள்கூடத் தவறாமல் கடைப்பிடித்தார். "ரோட்டுல ஒரு கீறல் இல்ல சார் அந்த மனுஷனுக்கு. வீட்டுல, கட்டில்ல, தூக்கத்துல போனாரு" என்பார். அதைச் சொல்லும்போது குரலில் வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, சித்தார்த்தன். டிப்ளமா முடித்துவிட்டுத் துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். சிரித்த முகம். படுத்தால் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுவான், இடி விழுந்தாலும் எழமாட்டான். முன்னறையில் சுவரோரம் கோரைப்பாய் விரித்துத்தான் படுப்பான், கட்டில் ஆகாது. எங்கள் திட்டத்தில் அங்கிருந்து ஒருவர் வந்தால் இங்கிருந்து ஒருவர் போகலாம். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் கேட்டார்கள். எட்டு வெளிநாட்டுப் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன், அவனைவிட்டால் வேறு யார் என்று நான்தான் பெயர் கொடுத்தேன்.

வீராயி அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒரு வருஷம்தானே சார்?"

"ஒரு வருஷம்தான் அக்கா. நான் பொறுப்பு."

நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அவர் அதைத் துணியில் முடிந்துகொள்வதைப் போல வாங்கிக்கொண்டார்.

அந்த ஆடி மாதத்தில்தான் ஒன்பதாவதாக ஒரு பெண் வந்தாள். பெயர் லோட்டே. வட ஜெர்மனியில் ஏதோ சின்ன ஊர். ஆறடி உயரம், வாசல் நிலையில் தினமும் தலையை இடித்துக்கொள்வாள். தெருப்பிள்ளைகள் லோட்டா, லோட்டா என்று கூப்பிட்டார்கள். அவள் கோபப்படவில்லை, சமையலறையிலிருந்து லோட்டாவை எடுத்துவந்து தலையில் கவிழ்த்துக் காட்டினாள். என் விதியை அவளைப் போல யாரும் பின்பற்றியதில்லை. கேள்வியே கிடையாது. எல்லாவற்றையும் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள், மறுநாள் அப்படியே செய்வாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதைக்கூட. என் மாணவர்களிலேயே சிறந்தவள் என்று அலுவலகத்தில் பீற்றிக்கொண்டேன்.

அவள் வந்த மூன்றாவது வாரம் எதிர்வீட்டு மூக்கன் இறந்துபோனார். எண்பது வயது, பூக்கட்டுகிறவர். தெருப்பெண்களோடு லோட்டேயும் போய் நின்றாள். பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து வீட்டைக் கழுவினார்கள். லோட்டேயும் குடம் தூக்கினாள். அவர் படுத்திருந்த பாயையும் தலையணையையும் சுருட்டித் தெருமுனையில் போட்டார்கள். தலை இருந்த இடத்தில் ஓர் அகல் ஏற்றிவைத்தார்கள். அன்றைக்கு அவள் நோட்டில் எழுதியிருந்ததைப் பிறகு எனக்குக் காட்டினாள். 'இந்த ஊரில் சாவையும் ஒரு பயணமாகவே நினைக்கிறார்கள். வீட்டிலிருந்து ஒருவர் வெகுதூரம் போனால், போனவுடன் எல்லோரும் சேர்ந்து வீட்டைக் கழுவி, அவருக்காக விளக்கு ஏற்றுகிறார்கள். இவ்வளவு அழகான வழியனுப்புதலை நான் பார்த்ததில்லை.'

ஆறாவது வாரம் சித்தார்த்தன் கிளம்பினான். காலை விமானம். எங்கள் அலுவலகத்துக்கு வாடகைக் கார் ஓட்டும் செபஸ்தியானின் காரில் சித்தார்த்தன், அவன் அம்மா, நான், இரண்டு பெரிய பெட்டி. லோட்டேக்கு இடம் இல்லை. "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று புத்தகத் தமிழில் சொல்லிவிட்டு வாசலில் நின்று கையசைத்தாள். வீராயி அக்கா நான்கு மணிக்கே எழுந்து வீடு பெருக்கிக் கோலம் போட்டு, துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார். விமானம் மேலே ஏறிக் கண்ணுக்கு மறையும் வரை வெளியே வெயிலில் நின்றோம்.

நாங்கள் திரும்பும்போது பதினொன்றரை மணி இருக்கும். காரிலிருந்து இறங்கியதும் முதலில் பார்த்தது கோலம் இல்லாத வாசல். படியிலிருந்து தண்ணீர் சாக்கடைக்கு இன்னும் வழிந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலில் அந்த வீடு மட்டும் ஈரமாக நின்றது. உள்ளே தையல் மிஷின், ஸ்டூல் எல்லாம் ஒதுக்கப்பட்டுத் தரை பளபளவென்று இருந்தது. சித்தார்த்தனின் பாய் இல்லை, தலையணை இல்லை. அவன் தலை வைத்துப் படுக்கிற இடத்தில் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக, லோட்டே சிரித்தபடி நின்றாள்.

வீராயி அக்கா கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிலைப்படியைத் தாண்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈரத்திலேயே உட்கார்ந்தார். கண் அந்த விளக்கை விட்டு நகரவில்லை. நான் பாயைத் தேடித் தெருமுனைக்கு ஓடினேன். குப்பை வண்டி வந்து போயிருந்தது.

லோட்டேக்கு அன்று மாலைதான் விஷயத்தைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் விதியைத் தூக்கிக் காவிரியில் போடலாம் போல இருந்தது. அவள் வாந்தி எடுத்தாள். தன்னை ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லி அழுதாள். வீராயி அக்கா அவள் தலையைத் தடவி, "நீ என்னம்மா பண்ணுவ, பார்த்ததச் செஞ்ச" என்று சொல்லி ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டினார்.

"விளக்க எடுத்துடலாம் அக்கா" என்றேன்.

"எப்படி சார் எடுக்கிறது? அவன் பேருக்கு ஏத்துனது. நான் அணைச்சா எம்புள்ள விளக்க நானே அணைச்ச மாதிரி. எரியவிட்டா செத்தவன் விளக்கு." அகலில் கொஞ்சம் எண்ணெய் விட்டார். "எரியட்டும். ஒரு வருஷம்தானே. அவனே வந்து அவன் கையால குளிர வைக்கட்டும். அதுவரைக்கும் நான் அணையாமப் பார்த்துக்கறேன். அவன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது."

நாங்கள் மூன்று பேரும் சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டோம். மறுநாள் மத்தியானம் அவன் ஜெர்மனியிலிருந்து வீடியோவில் வந்தான். நல்லபடியாகச் சேர்ந்துவிட்டான், அறை கொடுத்திருக்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரம். வீராயி அக்காவுக்குப் போன உயிர் வந்தது. எனக்கும்தான். போனை வைக்கப் போகிற நேரத்தில் அவன் கேட்டான்.

"அம்மா, என் பாய எங்கம்மா போட்ட?"

அக்கா போனை விளக்குத் தெரியாதபடி திருப்பிக்கொண்டார். "ஏன்ப்பா கேக்குற?"

"தெரியல. கண்ண மூடினா அதான் ஞாபகம் வருது. தூக்கமே வரலம்மா."

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் வேலைக்குக் கிளம்பும் முன் கூப்பிடுவான். அவன் வாழ்க்கையை அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தோம். குப்பையை நான்கு நிறத் தொட்டிகளில் பிரித்துப் போடக் கற்றுக்கொண்டான். ஐந்து நிமிடம் தாமதமாகப் போனதற்குத் திட்டு வாங்கினான். கிழவர்களைத் தூக்கி உட்கார வைக்க, ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்ற, கரண்டியால் ஊட்டக் கற்றுக்கொண்டான். எங்கள் பிள்ளைகள் இங்கே படுகிற பாட்டையெல்லாம் அவன் அங்கே தலைகீழாகப் பட்டான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் தூக்கம் மட்டும் வரவில்லை. டாக்டரிடம் காட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஒருநாள் சொன்னான். "இங்க ஒரு கிழவிம்மா. பேச்சு வராது. என்னையப் பார்த்தா மட்டும் துண்ட எடுத்துக்கிட்டு வந்து என் தலையத் துடைச்சு விடுது. ஈரமா இருக்கேன்னு ஜாடை காட்டுது. தினமும் இதே கூத்து. எல்லாரும் சிரிக்கிறாங்க."

வீராயி அக்கா சிரிக்கவில்லை. அன்று மிஷினில் உட்கார்ந்தவர் ஒரே ரவிக்கைக்கு மூன்று கை வெட்டி வைத்திருந்தார்.

விளக்கு எரிந்தது. அக்கா மின்விசிறியைப் போடமாட்டார், புழுக்கத்தில் கிடப்பார். தொலைதூரக் கல்யாணம், கோயில் எதற்கும் போவதில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே ரங்கநாதர் வாசலில் நிற்கும்போது அவர் விளக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். லோட்டே லால்குடி பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்விட்டாலும் சனிக்கிழமை தவறாமல் வந்து எண்ணெய் விடுவாள். இது எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் படித்தவன், இதையெல்லாம் நம்பாதவன். அக்கா ஓர் அகலுக்குச் சிறைப்பட்டுக் கிடக்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. தை மாதம் எனக்கு ஒரு சந்தர்ப்பமும் வந்தது.

தொட்டியத்தில் அவர் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. போய்ப் பார்த்தே ஆக வேண்டும். "ஒரே ஒரு பொழுது பார்த்துக்கங்க சார். பதினோரு மணிக்கு எண்ணெய் விட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுக் காலையில் பஸ் ஏறினார். பதினோரு மணிக்கு நான் எண்ணெய் விடவில்லை. யாரும் அணைக்க வேண்டாம், அதுவாகவே தீர்ந்து அணையட்டும், அக்கா கொஞ்சம் அழுதுவிட்டு விடுதலையாகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணிக்குச் சுடர் சுருங்கி நீலமானது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. அந்தச் சுடர் மெதுவாக வாசல் பக்கம் சாய்ந்தது. யாரோ பக்கத்தில் நடந்து போனால் சாயுமே, அப்படி. சாய்ந்தது நிமிரவில்லை. என் கால் விரல்கள் சில்லிட்டன, குனிந்து பார்த்தால் தரை காய்ந்துதான் இருந்தது. அப்போது போன் அடித்தது. திரையில் சித்தார்த்தன். உதடு வெளுத்திருந்தது.

"சார், அம்மா எங்க சார்? கண்ணு இருட்டுது. வீட்டுல யாரு இருக்கா..."

போன் அவன் கையிலிருந்து விழுந்தது. வெள்ளைக் கூரை தெரிந்தது. யாரோ ஓடிவருகிற சத்தம், புரியாத பாஷையில் கூச்சல். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்த வேகத்தில் பாதி தரையில் கொட்டிவிட்டேன். மீதி அகலில் விழுந்தது. திரியைத் தூண்டினேன். சுடர் மஞ்சளாகி நிமிர்ந்தது. ஒரு நிமிடத்துக்குள் அவன் முகம் திரும்பி வந்தது. "ஒண்ணும் இல்ல சார். தலை சுத்திடுச்சு. சர்க்கரைத் தண்ணி குடுத்தாங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் திரும்பிய வீராயி அக்கா தரையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், துணி எடுத்துத் துடைத்தார். அன்றிலிருந்து நல்லெண்ணெய் டின் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நானானேன். நம்புகிறாயா என்று கேட்டால் பதில் சொல்லமாட்டேன். பயந்தேன், அவ்வளவுதான்.

ஆவணியில் லோட்டேயின் வருடம் முடிந்தது. கிளம்புகிற அன்று வாசலில் நின்று, "அம்மா, நான் போன பிறகு பெருக்காதீங்க" என்றாள். அக்கா அவள் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து போன் செய்கிறவரை துடைப்பத்தைத் தொடவில்லை. தலைக்குக் குளிக்கவும் இல்லை.

ஐப்பசி பிறக்கப் போகிற நேரத்தில் சித்தார்த்தன் வந்தான். அக்கா வாசலில் ஆரத்தி சுற்றி, பொட்டு வைத்து உள்ளே அழைத்தார். வெளுத்து, கண்ணைச் சுற்றிக் கறுத்து, கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவனைப் போலிருந்தான். அக்கா அவனுக்குப் புதுச் சட்டை தைக்க அளவெடுத்தார். கண்ணாலேயே அளக்கிறவர், இஞ்ச் டேப்பை மூன்று முறை வைத்தார்.

பிறகு என்னிடம் சமையலறையில் மெதுவாகச் சொன்னார். "இளைச்சா வயிறு குறையும், கை குறையும் சார். தோள் எலும்பு குறையாது. இவனுக்கு ஒரு இஞ்ச் குறைஞ்சிருக்கு. ஆள் முழுசா வரல."

புதுப் பாயில் கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தான். "அங்கயும் தூக்கம் இல்ல, இங்கயும் இல்லம்மா. ரெண்டு எடத்துலயும் யாரோ உலுக்கி எழுப்புற மாதிரியே இருக்கு" என்றான். மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா அவனை விளக்கு முன்னால் உட்கார வைத்தார். நானும் இருந்தேன்.

"இது உனக்காக வச்ச விளக்கு. உன் கையால குளிர வச்சுடுப்பா."

பூவால் அமர்த்துவான், அல்லது திரியை எண்ணெய்க்குள் இழுப்பான் என்று நினைத்தோம். அவன் குனிந்து உதட்டைக் குவித்து ஊதிவிட்டான். விளக்கை வாயால் ஊதுகிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது, அவனுக்கும் கிடையாது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றான். "அங்க ஒருத்தங்க இறந்துட்டா அவங்க ரூம் வாசல்ல ஒரு மெழுகுவத்தி ஏத்தி வைப்பாங்க. அடக்கம் முடிஞ்சதும் அத ஊதி அணைக்கிறது என் வேலை. பழகிடுச்சு."

புகை அடங்குவதற்குள் அவன் தலை சாய்ந்தது. அந்த வெறுந்தரையிலேயே, விளக்கு இருந்த இடத்தில் தலை வைத்து, மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினான். அக்கா முழுநாளும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்தபோது பழைய சிரிப்பு பாதி வந்திருந்தது. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னான். அந்த இல்லத்திலேயே மூன்று வருட நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முடித்தால் அங்கேயே வேலை. ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும்.

வீராயி அக்கா என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். "ஒரு வருஷம்தான்னு சொன்னீங்களே சார்." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவன் மறுபடி தூங்கவில்லை. விழி பிதுங்கிப் போய் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தான். எனக்குக் காரணம் தெரியவில்லை. ஞாயிறு காலை வழியனுப்பப் போனபோது அவன் நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் தெளிந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். செபஸ்தியானின் கார் வந்தது. இந்தமுறை விமான நிலையத்துக்கு வரவில்லை என்றார் அக்கா. அவன் காலில் விழுந்து எழுந்தான். அவர் அவன் தோளை இரண்டு கையாலும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு விட்டார். கார் தெருமுனை திரும்பியது.

அவர் உள்ளே போய்த் துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துவந்தார்.

"அக்கா!" என்று கத்திவிட்டேன்.

முதல் வாளித் தண்ணீரை முன்னறையில் விசிறி ஊற்றினார். ஊற்றிக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்காமல்.

"அவன் படிக்கப் போறேன்னு சொன்ன அன்னைக்கு நான் மறுபடி விளக்கு ஏத்துனேன் சார். அடுப்படியில, மாவு டின்னுக்குப் பின்னால, யாருக்கும் தெரியாம. போகாம இருக்கட்டும்னுதான் ஏத்துனேன். ஏத்துனதும் அவன் தூக்கம் போச்சு. ரெண்டு நாள் பார்த்தேன். அப்பதான் புரிஞ்சுச்சு. இத்தன நாளா அவன உலுக்கி எழுப்புனது நான்தான். அந்தப் பொண்ணு கழுவுனப்பவே அவன் போயிட்டான். நான்தான் பாதிய இங்க இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தேன். நேத்து பூ வச்சு அமர்த்திட்டேன். படுத்த உடனே தூங்கிட்டான், சின்னப் புள்ளையாட்டம்."

"அதுக்காகக் கழுவணுமா அக்கா? வேண்டாம். திரும்பி வருவான்."

"வரட்டும். வந்தா விருந்தாளியா வரட்டும். சோறு போட்டு அனுப்புறேன்." அவர் குரல் உடைந்தது, கை நிற்கவில்லை. "முழுசாப் போகட்டும் சார். அங்கயாவது எம்புள்ள முழுசா இருக்கட்டும். நீங்க ஒண்ணும் கேக்காதீங்க. பாருங்க, செய்யுங்க."

என் விதி என்னிடமே திரும்பி வந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். நான்கு குடம் கொண்டுவந்தேன். சுவரோரம், மிஷினுக்கு அடியில், அடுப்படி என்று எல்லா இடமும் கழுவினோம். புதுப் பாயையும் தலையணையையும் அவர் சுருட்டிக் கொடுத்தார், நான் தெருமுனையில் கொண்டுபோய்ப் போட்டேன். எதிர்வீட்டுப் பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. விளக்கு மட்டும் அவர் ஏற்றவில்லை.

வாசற்படிக்கு வந்தபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, ஏர்போர்ட் வந்துட்டேன். கார்ல ஏறி உக்கார்ந்ததுதான் தெரியும், அப்படி ஒரு தூக்கம். யாரோ தண்ணி ஊத்துன மாதிரி முழிச்சேன். பார்த்தா நெசமாவே தலை, சட்டை எல்லாம் ஈரமா இருக்கும்மா. ஏசியிலேருந்து சொட்டியிருக்கும்ங்கிறாரு செபஸ்தியான் அண்ணன்."

நான் கையிலிருந்த குடத்தைப் பார்த்தேன். வீராயி அக்கா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது குரல் எப்போதும் போல இருந்தது.

"பையில துண்டு வச்சிருக்கேன். துடைச்சுக்கப்பா."

போனை மிஷின் மேல் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படி இன்னும் பாக்கி இருந்தது. என்னிடமிருந்து குடத்தை வாங்கி ஊற்றினார்.